ஆர்.சி. என் பேரில், சாவி என் கையில்

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். வீட்டில் கார் இருக்கிறது, தன்னிடம் லைசென்ஸும் இருக்கிறது, ஆனால் "இது பெரிய வண்டி, உனக்கு அடங்காது" என்று சொல்லி வீட்டில் சாவியைத் தர மறுக்கிறார்களாம். காரைத் துடைத்து வைப்பதோடு சரி என்று வருத்தப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாகவும், பழைய கார் வாங்கும் யோசனையில் இருக்கும் மற்றத் தோழிகளுக்கு உதவும் என்றும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல். நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரு மகள், ஒரு மகன், மாமியார் என்று ஐந்து பேர். எங்களிடம் இருப்பது 2014-ம் வருட ஹூண்டாய் வெர்னா. பெட்ரோல் வண்டி, 1600 சி.சி. இன்ஜின். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை தொழிற்சாலையில் தயாரானதுதான். 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்த வண்டியை 2022-ல் 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வாங்கினோம். ஐந்து வருடம் கட்டிய சீட்டுப் பணம் மூன்று லட்சம். மீதிக்கு என் நாலு பவுன் வளையலை அடகு வைத்தேன். வளையலை அடுத்த வருடமே மீட்டாகிவிட்டது.

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் ஆசை இல்லை. "எனக்கு பைக்கே போதும்" என்று ஒதுங்கிவிட்டார். நான்தான் 2021-ல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினேன்.

வாங்கியபோது சொந்தபந்தம் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் போட்டால் சின்னக் கார் புதுசாகவே வாங்கியிருக்கலாமே, பொம்பளை ஓட்டுவதற்கு இவ்வளவு வேகமான வண்டி எதற்கு என்று. என் மாமியார், "ஆம்பளை ஓட்டாத வண்டி வாசல்ல நின்னா பாக்கறவன் என்ன சொல்லுவான்?" என்றார். ஆசையும் ஒரு காரணம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த வண்டியின் நீளமும் பின்பக்கம் சரிந்து இறங்கும் அழகும் எனக்குப் பிடித்திருந்தது. புடவை எடுக்கும்போது பிடித்ததை எடுக்கிறோம், நாலு லட்சம் கொடுத்து வாங்குவதில் மட்டும் பிடித்ததைப் பார்க்கக் கூடாதா?

ஆனால் வேறு காரணமும் உண்டு. என் பிறந்த வீடு நத்தம் பக்கம். அந்த ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்திப் போவதற்குள் உயிர் போய்விடும். டிரைவிங் ஸ்கூல் ஆல்டோவில் எதிரே வண்டி வருகிறதா, நாம் தாண்டி முடிப்போமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆல்டோ 800-ல் இருப்பது சுமார் 48 குதிரைத் திறன். இந்த வெர்னாவில் சுமார் 120. எதிர்ப்பக்கத்து ரோட்டில் நாம் இருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தாலே அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த மாதிரி பெட்ரோல் இன்ஜினின் முழு இழுவையும் 4,000 சுற்றை ஒட்டித்தான் கிடைக்கும். மேல் கியரிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முனகும், நகராது. மூன்றாவது கியருக்கு இறக்கிவிட்டு மிதித்தால் பாய்ந்து போகும். இன்ஜின் சத்தம் ஏறுகிறதே என்று பயப்படக் கூடாது. நம் பெண்கள் பலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பாதியில் காலை எடுத்துவிடுகிறார்கள். பாதியில் எடுப்பதுதான் ஆபத்து.

வேகமாகப் போகிற வண்டி என்பதற்காக வேகமாகப் போவதில்லை. நான்கு வழிச் சாலையில் என் கணக்கு 80. மகள் பின்னால் இருந்து "இன்னும் வேகமாப் போம்மா" என்பாள். வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்கு ஆகும் என்று அவளிடமே கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு, போட்டுவிட்டாள். அதற்கப்புறம் கேட்பதில்லை.

வாங்குவதற்கு முன் என்ன பார்த்தோம் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். என் பெரியப்பா மகன் ஒட்டன்சத்திரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர்தான் கூட வந்தார். இந்த வண்டிக்கு முன்னால் மதுரையில் ஒரு வெள்ளை வண்டி பார்த்தோம். சென்னைப் பதிவு எண். புதுசு மாதிரி மின்னியது, விலையும் முப்பதாயிரம் குறைவு. அண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்து ஒரு பேச்சும் பேசாமல் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு. பிறகு சீட்டை முன்னால் தள்ளி அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பியைக் காட்டினார், துரு. கால்மிதிக்குக் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினால் பவுடர் மாதிரி வண்டல். "பாப்பா, இது தண்ணில நின்ன வண்டி. வேண்டாம்" என்று இறங்கிவிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாட்டியதாக இருக்கலாம் என்றார். அதற்குப் பிறகு 2023 டிசம்பரிலும் சென்னையில் புயல் மழை, அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியில் வெள்ளம் என்று எத்தனையோ வண்டிகள் மூழ்கின. வயரிங்கில் தண்ணீர் போன வண்டி என்றைக்கு, எந்த ரோட்டில் நிற்கும் என்று சொல்லவே முடியாதாம். அதனால் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பதை மறக்காதீர்கள். ஐந்து பைசா செலவில்லாத சோதனை.

இப்போது இருக்கும் வண்டியைப் பார்க்கக் காலை ஆறரைக்கே போய்விட்டோம். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைத்திருந்தால் குறை தெரியாது. பானெட்டைத் தொட்டுப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பார்த்தார். வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பானெட், கதவு இவற்றை மாட்டியிருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பின்னால் பெரிய அடி பட்டிருந்தால் அங்கேதான் தெரியும். மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. ஆனால் கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கின் தேய்மானமும் பொய் சொல்லாது. சர்வீஸ் பில்களையும் கேட்டு வாங்கிச் சரி பார்த்தோம்.

டயர் ஓரத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 1416 என்றால் 2016-ம் வருடம் 14-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான டயர் ரப்பர் இறுகிப் போயிருக்கும். எங்கள் வண்டியில் இரண்டு டயர் 2020, இரண்டு டயர் 2016. அதைக் காட்டித்தான் எட்டாயிரம் குறைத்தேன். பேரம் பேசுவதில் நம்மை ஜெயிக்க ஆள் இருக்கிறதா என்ன!

அடுத்து, அந்தச் சகோதரிக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். பத்திரம் எழுதும்போது புரோக்கர், "சார் பேர்ல தானே மாத்தணும்?" என்று கேட்டார். என் கணவர், "ஓட்டறவ பேர்லயே இருக்கட்டும்" என்றார். அவர் பெருந்தன்மையாகச் சொன்னார், சரி. ஆனால் இதில் பெருந்தன்மையைவிடப் பெரிய கணக்கு இருப்பது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் விளக்கியபோதுதான் தெரிந்தது.

கார் பாலிசியில் 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. 2018-ல் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். அது யாருக்கு என்றால், ஆர்.சி.யில் பேர் உள்ளவருக்கு, அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டுமே. கணவர் பேரில் ஆர்.சி. இருந்து, மனைவி ஓட்டிப் போய் ஏதாவது நடந்தால் அந்த 15 லட்சம் மனைவிக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் கணவருக்கு லைசென்ஸே இல்லை, அவர் பேரில் வாங்கியிருந்தால் அந்தக் காப்பு யாருக்கும் பிரயோஜனப்பட்டிருக்காது. தினமும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது நீங்கள் என்றால், சகோதரி, முதலில் பாலிசித் தாளை எடுத்து யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பேரில் இல்லை என்றால் உங்களுக்கென்று தனி விபத்து பாலிசியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பேர் மாற்ற 29, 30 என்ற இரண்டு படிவங்கள். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் பாங்கியின் தடையில்லாச் சான்றோடு 35-ம் படிவமும் வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவருடைய நோ கிளெய்ம் போனஸ் அவருக்குத்தான், வண்டியோடு நமக்கு வராது. பழைய அபராதம் பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டோம். இரண்டு இருந்தது, விற்றவரையே கட்டச் சொன்னோம். விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் வந்துவிட்டதே என்று பேர் மாற்றாமல் விட்டுவிடாதீர்கள். வண்டி கைமாறிய பிறகு விபத்து நடந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

செலவை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் பேச்சைக் கேட்டு வாங்கிவிட்டு என்னைத் திட்டுவீர்கள். 1500 சி.சி.க்கு மேல் போனால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி வருடம் 7,897 ரூபாய். 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 தான். வரி தனி. டவுனுக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் 15. இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய அரசே 2025-ல் சொன்னது. அதனால் சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் போகும் குழாய்களைப் பார்க்கச் சொல்கிறேன். 2029-ல் 15 வருடம் முடிந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மாதம் ஆயிரம் ரூபாய் தனி டப்பாவில் போட்டு வருகிறேன்.

நம் மாதிரி குட்டையானவர்களுக்கு இன்னொன்று. நான் ஐந்தடி. கிளட்ச் எட்ட வேண்டும் என்று சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டிப் போட்டுக்கொள்வோம். ஏர்பேக் உள்ள வண்டியில் அது கூடாது. ஸ்டியரிங் நடுவுக்கும் நம் நெஞ்சுக்கும் இடையே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சீட்டின் உயரத்தையும் சாய்மானத்தையும் மாற்றிப் பாருங்கள், கிடைத்துவிடும். புடவையோடு ஓட்டுவதில் கஷ்டமே இல்லை, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகினால் போதும். செருப்புதான் ஆகாது. பெடலுக்கு அடியில் மாட்டும். தட்டையான ஷூ ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். இந்த வகை வண்டி தாழ்வாகவும் நீளமாகவும் இருப்பதால், நம் ஊர்களில் அவரவர் இஷ்டத்துக்குக் கட்டி வைத்திருக்கும் வேகத்தடைகளில் ஐந்து பேர் இருந்தால் அடி தட்டும். ரோடு காலியாக இருந்தால் கொஞ்சம் கோணலாக ஏற்றி இறக்குவேன்.

2024-ல் என் மாமியாருக்கு இடது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. பிறகு மதுரையில் 25 நாள் ரேடியேஷன். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும், குறித்த நேரத்தில் இருக்க வேண்டும். போக வர 130 கிலோமீட்டர். வாடகைக் காருக்கு ஒரு நாளைக்கு 2,400 கேட்டார்கள், 25 நாளுக்கு 60,000. மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கலாம்தான். "அஞ்சு வாரம் அடுத்தவங்க வீட்டுப் பாத்ரூம்ல நான் எப்படி?" என்று அத்தை அழுதுவிட்டார். வெளியே சொல்லாவிட்டாலும் நம் எல்லோருக்கும் புரிகிற கஷ்டம் அது.

நானே ஓட்டினேன். நாளைக்கு 9 லிட்டர் பெட்ரோல், 900 ரூபாய் சொச்சம், கொடைரோடு டோல் தனி. காலை ஏழு மணிக்குக் குழந்தைகளுக்கு டிபன் கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினால், ஒரு மணிக்கு வீடு. அந்தப் படுக்கையில் இருப்பது சில நிமிஷம்தான், வலியும் இல்லை. மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் அசதியும், தோல் எரிச்சலும் வந்தன. பெல்ட் போட்டால் அந்த இடத்தில் உரசும் என்று பயந்தார். முன் சீட்டில் பெல்ட் இடது தோள் வழியாக வரும். அதனால் எனக்குப் பின்னால் உட்கார வைத்தேன், அங்கே வலது தோள் வழியாக வரும். பழைய வாயில் புடவையை நாலாக மடித்து நடுவில் வைத்தோம். பின் சீட்டு என்பதற்காகப் பெல்ட்டை விடவில்லை. பெரிய தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தது பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் போனதால்தான் என்று எல்லா செய்தியிலும் வந்ததே. அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. தாழ்வான சீட்டில் முதலில் இடுப்பை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட் மேல் ஒரு பாலிதீன் கவர் விரித்தால் வழுக்கிக்கொண்டு சுலபமாகத் திரும்பும். உட்கார்ந்ததும் கவரை உருவிவிடுவேன்.

முதல் நாள் சின்னாளப்பட்டி தாண்டுவதற்குள் பத்துத் தரம் "மெதுவாப் போ கண்ணு" என்றார். நான் அறுபதில்தான் போய்க்கொண்டிருந்தேன். இருபதாவது நாள் வாக்கில் வாடிப்பட்டி கிட்டே ஒரு கன்டெய்னர் லாரி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து, "என்னத்துக்கு இவன் பின்னாடியே போற? கியரக் கொறச்சுத் தாண்டு, வெயில் ஏறுது" என்று குரல் வந்தது. கியரைக் குறைக்க வேண்டும் என்பதை எப்போது கவனித்தாரோ! ரேடியேஷன் முடிந்த கடைசி நாள் திரும்பும்போது கொடைரோட்டில் நிறுத்தி இரண்டு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினார். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்து, "என் மருமக மதுரைக்கு அஞ்சு வாரம் தினம் ஓட்டுனா" என்று சொன்னாராம். என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவர் சுபாவம்.

இப்போது தெருவில் மூன்று பெண்கள் எனக்கும் கற்றுக்கொடு என்கிறார்கள். என் வண்டியில் கற்றுத் தருவதில்லை. லைட்டாக மிதித்தாலே பாயும் வண்டி கற்றுக்கொள்ள ஏற்றதல்ல. டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டிருக்கிறேன். லைசென்ஸ் வாங்கி வந்தபின் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பைபாஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சகோதரியும் அப்படி விடியற்காலை ஆறு மணிக்கு, யாராவது தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம்.

அத்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் செக்கப். அடுத்தது தை மாதம். அதற்குள் அந்த 2020-ம் வருட டயர் இரண்டையும் மாற்ற வேண்டும். புது டயரை முன்னால் போடத்தான் கடையில் சொல்வார்கள். மழையில் பின்பக்கம் வழுக்கினால் சமாளிப்பது கஷ்டம், பின்னால்தான் போட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மார்கழியில் சீட்டுப் பணம் வருகிறது, வந்ததும் போட்டுவிடுவேன்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.